உன் டிராக்டரில் ஆளைக் காணோம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

கண்காட்சிக்காக நீ பலகை மேல் செய்கிற குட்டிப் பண்ணையை எடுத்து அனுப்பிய பதினோரு படங்களும் வந்து சேர்ந்தன. அம்மா போனிலேயே தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, “அழகா இருக்கு, எதையும் மாத்த வேணாம்னு எழுதுங்க” என்றாள். எனக்கு அப்படி விட மனசு வரவில்லை. கணினியில் போட்டுப் பெரிதாக்கி இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். “மழுப்பாமல் சொல்லுங்கப்பா” என்று நீயேதான் எழுதியிருந்தாய். போனில் சொன்னால் மூன்றாவது குறையிலேயே “சரிப்பா, சரிப்பா” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

கொட்டகையில் கை வைக்காதே. கூரைத் தகரத்தில் ஆணி அடித்த இடத்திலிருந்து மட்டும் துரு வழிந்து இறங்குகிற மாதிரி கோடு இழுத்திருக்கிறாயே, அதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. எங்கேயோ நின்று பார்த்திருக்கிறாய். வாசலோரம் சாய்த்து வைத்த ஏணியும் சரியான உயரம்.

வயல்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

உன் பலகை 60-க்கு 90 சென்டிமீட்டர். 1:32 அளவு, அதாவது எல்லாமே நிஜத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு என்பதால், நிஜத்தில் 19 மீட்டர் அகலம், 29 மீட்டர் நீளம். கணக்குப் போட்டால் 13 சென்ட் சொச்சம் வருகிறது. ஒரு ஏக்கரை முழுதாகக் காட்ட இந்த அளவில் ஏறக்குறைய இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் பலகை வேண்டும். அப்புறம் நீ எங்கே படுப்பாய்? அந்த 13 சென்டுக்குள் கொட்டகை, குளம், நான்கு மாடு, ஒரு மரம், உழுகிற டிராக்டர், போதாக்குறைக்கு ஓர் அறுவடை இயந்திரம். இந்தப் பக்கம் உழவு, நாலு எட்டு தள்ளி அறுப்பு. பொம்மைக் கடை அலமாரி மாதிரி இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே.

குளத்தையும் அறுவடை இயந்திரத்தையும் எடுத்துவிடு. காசு கொடுத்து வாங்கியதை உள்ளே வைக்க மனசு வராது, தெரியும். அதற்கென்று பிறகு இன்னொரு பலகை செய்துகொள். அப்போது இதை மட்டும் நினைவில் வை: தானியம் கொட்டுகிற குழாய் வண்டியின் இடப்பக்கம்தான் நீளும். ஆகவே இடப்பக்கம் அறுத்து முடிந்த அரிதாளும், வலப்பக்கம் நிற்கிற பயிருமாக இருக்க வேண்டும். டிரெய்லரை இழுத்துக்கொண்டு கூடவே ஓடுகிற டிராக்டர் பயிரை மிதித்துக்கொண்டா போகும்?

மீதி இடத்தையும் முழு வயலாகக் காட்டாதே. பெரிய வயலின் ஒரு மூலை என்று வைத்துக்கொள். சால்கள், அதாவது உழுத பள்ளக் கோடுகள், பலகை விளிம்பில் வெட்டுப்பட்டு நிற்கட்டும். விளிம்புக்கு நேராக ஓட்டாமல் பதினைந்து, இருபது டிகிரி சாய்த்து ஓட்டு. விளிம்புக்கு அப்பால் இருக்கிற வயலை, பார்க்கிறவர்கள் தாங்களே மனசில் போட்டுக்கொள்வார்கள்.

இப்போது அந்தச் சாம்பல் நிற ஃபெர்குசன் டிராக்டருக்கு வருகிறேன். அதை எனக்காகத்தான் தேடி வாங்கினாய் என்று அம்மா சொல்கிறாள். நான் ஓட்டிப் பழகிய முதல் வண்டி அது. நான் ஏறும்போதே அது கிழட்டு வண்டி. டி.இ.20 என்று பெயர். 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதன் பெருமையெல்லாம் பின்னால் கலப்பையை மூன்று இடத்தில் பிடிக்கிற மூன்று புள்ளி இணைப்பில்தான். அதற்கு முன்பு கலப்பையை வண்டிக்குப் பின்னால் சும்மா கட்டி இழுத்துப் போவார்கள். கல்லிலோ வேரிலோ மண்ணைக் கீறுகிற கொழு மாட்டினால் முன்சக்கரம் தூக்கி, வண்டி ஓட்டுகிறவன் மேலேயே மல்லாந்து விழும். ஹாரி ஃபெர்குசன் கலப்பையை வண்டியின் ஓர் உறுப்பாகவே ஆக்கிவிட்டார். கலப்பையின் இழுவையே பின்சக்கரங்களை மண்ணில் அழுத்திப் பிடிக்கும். பக்கத்தில் இருக்கிற நெம்புகோலை அசைத்தால் கலப்பை ஏறும், இறங்கும்.

உன் படத்தில் அது ஏறி நிற்கிறது. கொழு தரையைத் தொடவே இல்லை. ஆனால் பின்னால் புதுச் சால் கிடக்கிறது. கலப்பையை இறக்கு. மண்ணுக்குள் 6 மி.மீ. போனால் நிஜத்தில் 20 செ.மீ. ஆழம், அது போதும். சாலுக்குச் சால் 8 அல்லது 9 மி.மீ. விடு.

அப்புறம், வண்டி நேராக நிற்கிறது. இது உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இந்தக் கலப்பை மண்ணை வலப்பக்கமாகப் புரட்டும். போன நடையில் திறந்துவிட்ட சாலுக்குள் வலப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் இறங்கி ஓடும்; இடப்பக்கச் சக்கரங்கள் உழாத தரையில் ஓடும். ஆகவே நாள் முழுக்க ஒரு பக்கம் சாய்ந்தேதான் உட்கார்ந்திருப்போம். சாயங்காலம் இறங்கி நடந்தால் கொஞ்ச நேரத்துக்குத் தரையே சாய்ந்த மாதிரி இருக்கும். நான் வீட்டுக்குள் நுழையும்போது ஒரு தோளை இறக்கி நடப்பதாக நீ சின்ன வயதில் நடித்துக் காட்டுவாயே, அது இதனால்தான். வலப்பக்கத்தை 6 மி.மீ. தாழ்த்திவிடு. வண்டிக்கு வலப்பக்கம் உழுத மண், இடப்பக்கம் அரிதாள். நீ இரண்டு பக்கமும் உழுது வைத்திருக்கிறாய். அப்படியானால் வண்டிக்கு அங்கே என்ன வேலை?

நிறமும் ஒரே சீராக இருக்கக் கூடாது. கொழுவுக்குப் பின்னால் இப்போதுதான் புரண்ட மண் ஈரத்தில் கருத்திருக்கும். தள்ளிப் போகப் போக வெயிலில் காய்ந்து வெளுக்கும். கடைசி மூன்று நான்கு சாலுக்குக் கருமை கூட்டு, அதற்கப்பால் குறைத்துக்கொண்டே போ. கலப்பையின் இறக்கை, அதாவது மண்ணைப் புரட்டுகிற வளைந்த தகடு, தேய்த்துவிட்டுப் போவதால் புரண்ட கட்டியின் முகம் லேசாக மினுங்கும். பாதிப் பளபளப்பு வார்னிஷை மெல்லிய தூரிகையில் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தால் அது வந்துவிடும். ஆனால் இறக்கைக்குத் துரு பூசிவிட்டாயே, பாப்பா! வேலையில் இருக்கிற கலப்பையின் இறக்கை மண்ணில் தேய்ந்து தேய்ந்து கண்ணாடி மாதிரி இருக்கும், குனிந்தால் முகம் தெரியும். துருவெல்லாம் கொட்டகைக்குப் பின்னால் கிடக்கிற கலப்பைக்கு. பெயின்டைச் சுரண்டிவிட்டு வெள்ளி நிறம் பூசு. சட்டத்துக்கு மட்டும் பழைய பெயின்ட் இருக்கட்டும்.

வாசலிலிருந்து வயலுக்குப் போகிற சக்கரத்தடம் நல்ல யோசனை. தனிச் சக்கரம் ஒன்றை ஈர மண்ணில் உருட்டித்தானே பதித்தாய்? அதைத் திருப்பிப் பிடித்து உருட்டிவிட்டாய். டிராக்டரின் பின் டயரில் வரிகள் அம்பு முனை போலச் சேரும் இடம் முதலில் மண்ணைத் தொடும், பிறகுதான் இரு ஓரங்களும் தொடும். சேறு பக்கவாட்டில் பிதுங்கி வெளியேறுவதற்கான ஏற்பாடு அது. அதனால் தரையில் விழுகிற தடத்தில் அம்பின் முனை வண்டி வந்த திசையைக் காட்டும், போகிற திசையை அல்ல. உன் தடத்தின்படி உன் டிராக்டர் பின்பக்கமாகவே வயலுக்குள் வந்திருக்கிறது. ஆயிரம் பேரில் ஒருவர்தான் கவனிப்பார். அந்த ஒருவர் கண்காட்சிக்கு வராமல் இருக்க மாட்டார்.

மண் விஷயத்தில் என் அனுபவத்தையும் கேள். முதல் பலகைக்கு நிஜ மண்ணை அப்படியே அள்ளி வந்து சலித்து ஒட்டினேன். மூன்றாவது வாரம் கொட்டகை ஓரத்தில் ஒரு புல் முளைத்தது. எவ்வளவு தத்ரூபம் என்று அதை விட்டும் வைத்தேன். அது அரை அடி வளர்ந்தது, அளவுப்படி 16 அடி! பின்னாலேயே பூஞ்சை, பிறகு எறும்பு. பலகையையே தூக்கிப் போட வேண்டியதாயிற்று. அம்மா அந்த நாளை இன்றைக்கும் கொண்டாடுகிறாள். மண்ணை நுண்ணிய சல்லடையில் சலித்து, அடுப்பில் நன்றாகச் சூடேற வறுத்து, ஆறவிட்டுப் பயன்படுத்து. வெள்ளைப் பசைக்குச் சமமாகத் தண்ணீர் கலந்து, பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரு சொட்டு விடு. அந்தச் சொட்டு இல்லாவிட்டால் பசை மண்ணின் மேல் முத்து முத்தாக உருளும், உள்ளே இறங்காது. ஒரே தடவையில் கனமாக அப்பினால் காயும்போது வெடிக்கும். சால்களின் உருவத்தை அடியில் இருக்கிற நுரைப்பலகையிலேயே கீறிவிட்டு, மண்ணை மேல்தோலாக மட்டும் போடு.

அரிதாளுக்குப் பச்சைப் புல் இழை ஒட்டியிருக்கிறாய். அது சரிப்படாது. சணல் கயிற்றைப் பிரித்து 4, 5 மி.மீ. நீளத்துக்கு நறுக்கி, வரிசை வரிசையாக நட வேண்டும். விதைத்தது வரிசையில் என்றால் தாளும் வரிசையில்தானே நிற்கும். பொறுமை கெட்டுப்போகும் வேலை, ஒரு சனி ஞாயிறு முழுக்கப் பிடிக்கும். புல் இழையை வரப்புக்கு வைத்துக்கொள். இரண்டு மூன்று பச்சைகளைக் கலந்து இழையை நிமிர்ந்து நிற்கவைக்கிற அந்த மின்னேற்றும் சல்லடையால் தூவு. சல்லடையிலிருந்து வருகிற கம்பியின் மறுமுனையை ஈரப் பசையில் குத்தி வைக்க மறந்தால் இழை நிமிராமல் படுத்துக்கொள்ளும்.

உன்னுடைய பழைய சிவப்பு பொம்மை டிராக்டரை அனுப்பச் சொல்லி, பெயின்ட் அடித்து இந்தக் காட்சியில் சேர்க்கப் போவதாக எழுதியிருந்தாய். சேராது. அது 1:16. உன் ஃபெர்குசன் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கும். அமெரிக்கப் பண்ணை பொம்மைகளில் 1:16-உம் 1:64-உம் அதிகம், ஐரோப்பாவில் 1:32. அமெரிக்காவில் எர்டல் என்கிறவர் 1945-இல் தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் அலுமினியம் உருக்கி, மணல் அச்சில் வார்த்து பொம்மை டிராக்டர் செய்ய ஆரம்பித்தார். அதிலிருந்து வளர்ந்த கம்பெனியால் அயோவா மாநிலத்தின் டயர்ஸ்வில் ஊருக்கே பேர். பண்ணை பொம்மைகளுக்கென்று தேசிய அருங்காட்சியகம்கூட அங்கே இருக்கிறது. சேராது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அதன் மூக்குப் பக்கம் பெயின்ட் போயிருப்பது நீ நான்கு வயதில் பிடித்துத் தள்ளிய இடம். அதன் மேல் பெயின்ட் அடிக்க என்னால் அனுப்ப முடியாது. கேட்காதே.

கண்காட்சிக்கு மூன்று வாரம் இருக்கிறது. மேசை வழக்கமாகத் தாழ்வாகத்தான் கொடுப்பார்கள். அதன் மேலே வைத்தால் விமானத்திலிருந்து பார்க்கிற மாதிரி கூரையும் வண்டி முதுகும்தான் தெரியும். நாலு கால் போட்ட சட்டம் ஒன்று செய்து, மண் மட்டம் பெரியவர்களின் நெஞ்சு உயரத்துக்கு வரும்படி தூக்கு. குழந்தைகளுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. விளக்கு உச்சியில் வேண்டாம். ஒரு பக்கத்திலிருந்து தாழ்வாக ஒன்றே ஒன்று வை. சாலுக்குச் சால் நிழல் விழுந்தால்தான் உழவு உழவாகத் தெரியும். பின்திரையில் அச்சடித்த மலைகள் வேண்டவே வேண்டாம். வெறும் வானம், கீழே வர வர வெளுக்கட்டும்.

கொண்டுபோகும்போது டிராக்டரைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்று. இரண்டு டயரின் அடியில் மெல்லிய துளை போட்டு, ஒரு மி.மீ. பித்தளைக் கம்பியைச் செருகி வைத்தால் தரையில் குத்தி நிறுத்தலாம். யாராவது மேசையை இடித்தாலும் நகராது. மாடுகள் கொட்டகை வாசலிலேயே நிற்கட்டும். உழவு நடக்கிற பக்கம் நாலைந்து வெள்ளைப் பறவைகளை விடு, புரண்ட மண்ணில் புழு பொறுக்க அவை வராமல் இருக்காது. 15 மி.மீ. உயரத்துக்கு மேல் போனால் தீக்கோழி ஆகிவிடும்.

இதையெல்லாம் விடப் பெரிய குறையைக் கடைசியாகச் சொல்கிறேன். என்ஜின் ஓடுகிறது, கலப்பை பூட்டியிருக்கிறது, சால் விழுந்திருக்கிறது. இருக்கையில் ஆளைக் காணோம். பதினோரு படத்திலும் தேடிவிட்டேன்.

பார்சலில் சின்ன டப்பா ஒன்று இருக்கும், பஞ்சுக்குள் பார். கம்பியில் எலும்புக்கூடு கட்டி, எபாக்சி மாவு பிசைந்து அப்பி, ஒரு ஆள் செய்திருக்கிறேன். எழுந்து நின்றால் 55 மி.மீ. வருவான். உழுகிறவன் முன்னால் பார்ப்பதைவிடப் பின்னால் பார்ப்பதுதான் அதிகம் என்பதால், தலையை வலத்தோளுக்கு மேலாகத் திருப்பி வைத்திருக்கிறேன். வலத்தோள் கொஞ்சம் இறங்கியும் இருக்கும். சட்டைக்கு நிறம் அம்மா சொன்னது. “இது யார்னு அவளுக்குத் தெரியாதா என்ன?” என்று சிரிக்கிறாள்.

இடது கை ஸ்டியரிங்கில் சரியாக உட்காராவிட்டால் விரல்களை மட்டும் அரத்தால் லேசாக ராவு. உடைந்தால் எழுது, இன்னொரு கை செய்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா