பெயர் போட வேண்டாம் என்ற ஐயாவுக்கு

நுவரெலியாப் பக்கம் உருளைக்கிழங்கு போடுகிறவர்கள் சார்பில், ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பும் வழியில் பாத்திக்குள் இறங்கிய விவசாய விஞ்ஞானி ஐயாவுக்கு நன்றி. அதுவரை வெயிலில் காத்திருந்த அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்தான்.

அவர் காட்டித்தந்தது இது: பச்சையாகவே வாடும் செடியின் தண்டை அடியில் வெட்டி, தெளிந்த தண்ணீருள்ள கிளாஸில் வெட்டுமுனை மட்டும் படும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால்போல வெள்ளை நூல் இறங்கினால் அது பக்டீரியா வாடல் நோய். இது பூஞ்சணம் அல்ல, அதனால் பூஞ்சண மருந்து அடிப்பது வீண்காசு. (கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.) செடியைக் கிழங்கோடும் சுற்று மண்ணோடும் அகற்றுங்கள். மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த பாத்திக்குப் போனால் நோயும் கூடவே போகும். மேல்பாத்தித் தண்ணீர் கீழே பாயாமல் கான் (வடிகால்) வெட்டுங்கள். நோய் வந்த பாத்தியில் தக்காளி, கத்தரி, மிளகாய் போடக் கூடாது. லீக்ஸ், கோவா (முட்டைக்கோஸ்) போடலாம். அந்தப் பாத்திக் கிழங்கு பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் விதைக்கு எடுக்கவே கூடாது, நோய் உள்ளே இருக்கும்.