வள்ளத்துக்கு வாடகை, ஆளுக்குச் சீட்டு

ஆசிரியருக்கு,

வணக்கம். திரைத்துறைக்குள் இருப்பவர்களை உட்கார வைத்துப் பேசும் உங்கள் தொடரை விடாமல் படித்து வருகிறேன். எடிட்டர், ஒலிப்பதிவாளர், உதவி இயக்குநர் என்று இதுவரை பேசிய எல்லோரும் சென்னையில் இருப்பவர்கள். ‘அவுட்டோர் போனோம், வந்தோம்’ என்று அவர்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகிற ஊரிலிருந்து இதை எழுதுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டம், குளச்சல், தக்கலை பக்கம் படப்பிடிப்பு வந்தால் வள்ளம் (மீன்பிடிப் படகு), வேன், வீடு, கூட்டத்துக்கு ஆள் எல்லாம் ஏற்பாடு செய்து கொடுப்பது என் பிழைப்பு. யூனிட்டில் எங்களை லோக்கல் மேனேஜர் என்பார்கள். படத்தின் தொடக்கத்தில் ‘நன்றி: ஊர் பொதுமக்கள்’ என்று வந்தால் அதில் நானும் அடக்கம்.

சென்ற இதழில் பேசிய தயாரிப்பு நிர்வாகி, தெற்கே போனால் செலவு பாதியாகும் என்றார். வாஸ்தவம். மீதிப் பாதியை யார் சுமக்கிறார்கள் என்று நீங்கள் கேட்டிருக்கலாம்.

ஒரு வள்ளத்தைக் காலையிலிருந்து மாலைவரை ஷாட்டுக்காக நிறுத்தினால் அன்றைய மீன்பாடு போச்சு. வாடகை வள்ளக்காரர் கைக்கு வந்துவிடும். கூடத் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு மீனில்தான் பங்கு. மீன் இல்லாத நாளில் பங்கு எங்கிருந்து வரும்? சாளையும் நெத்தோலியும் படுகிற சமயத்தில் இதைச் சொல்லி வாடகை கூட்டிக் கேட்டால், ‘கடல் எங்கேயும் போயிடாது அண்ணே’ என்பார் கம்பெனியின் புரொடக்‌ஷன் மேனேஜர். இன்னும் சிலர் விவரமானவர்கள். எங்கள் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்று தெரிந்துகொண்டு, படகு சும்மாதானே கிடக்கும் என்று அப்போது வருவார்கள். தென்மேற்குப் பருவமழையும் அதே மாதங்களில்தான் என்பது வந்து இறங்கிய பிறகுதான் நினைவுக்கு வரும்.

வானம் மூடினால் யூனிட் என்ன செய்யும் என்று யாரும் உங்களிடம் சொல்லவில்லை. காலை வெயிலில் எடுத்த காட்சியின் மீதியை மேகத்தில் எடுத்தால் கன்டினியுட்டி போய்விடும். கூட்டத்தில் நிற்கிற அத்தனை பேரையும் மத்தியானமே ‘நாளைக்கு இதே சட்டையில வந்திருங்க’ என்று அனுப்பிவிடுவார்கள். ஷாட்தான் எடுக்கவில்லையே என்று அன்றைய கூலியில் கைவைப்பார்கள். பெப்சி என்கிற திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தின் அட்டை உள்ள லைட்மேனுக்குக் கால்ஷீட் கணக்கு, பேட்டா, நேரம் தாண்டினால் கூடுதல் என்று பேச ஒரு சங்கம் இருக்கிறது. நான் கூட்டி வந்த ஆளுக்கு நான்தான் சங்கம். எனக்கு யாரும் இல்லை.

அனுமதி வாங்குவது தனிக் கதை. கடற்கரை ஊர்களில் போலீஸ் அனுமதி மட்டும் போதாது, தேவாலயத்தின் பங்குப்பேரவையில் பேசி முடிக்க வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்துக்குள் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் கையில் இருப்பதால் திருவனந்தபுரத்துக்கு ஓட வேண்டும். இதைப் பற்றி மட்டும் ஒரு இதழ் முழுக்க எழுதலாம், இப்போது வேண்டாம்.

மலையாளத் திரைத்துறையில் பெண்களின் நிலையை ஆராயக் கேரளத்தில் 2017இல் அமைத்த ஹேமா கமிட்டியின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளிவந்தபோது, நடிகைகளுக்கு நேர்ந்த கொடுமைகளைத்தான் எல்லோரும் பேசினார்கள். பேச வேண்டியதுதான். அதே அறிக்கையில், செட்டில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே இருக்கிறார்கள் என்றும் இருந்தது. அதைப் படித்து எங்கள் ஊர்ப் பெண்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. கேரவன் வண்டி நட்சத்திரங்களுக்கு. கூட்டத்தில் நிற்க வந்த அக்காமாருக்கு, வெட்டவெளிப் பாறைதான். பக்கத்தில் எந்த வீட்டைத் திறந்துவிடுவார்கள் என்று முந்தின நாளே கேட்டு வைப்பது என் வேலையில் ஒன்று. யாரும் அதற்குப் பணம் தருவதில்லை, நானும் கேட்பதில்லை.

முட்டத்தைத் தமிழ்நாடு முழுக்கப் பார்க்க வைத்த ‘அலைகள் ஓய்வதில்லை’ வந்தது 1981இல். திரைப்படத் தொழிலாளர்களுக்கான மத்தியச் சட்டமும் அதே 1981இல்தான் வந்தது. எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இல்லாமல் ஒருவரைப் பட வேலைக்கு வைக்கக்கூடாது என்றது அந்தச் சட்டம். கலைஞர் ஆனாலும் உடலுழைப்பு ஆனாலும், கான்ட்ராக்டர் வழியாக வந்தவர் ஆனாலும், 2025இல் அது விலக்கப்படும் வரை அதில் தொழிலாளியாகத்தான் இருந்தார். நான் இந்தத் தொழிலுக்கு வந்த காலம் முதல் அப்படி ஒரு தாளை இந்தக் கரையில் யார் கையிலும் பார்த்ததில்லை.

தாள் இல்லாததன் பலன் என்ன தெரியுமா? ஒரு கம்பெனி, பெயர் சொல்லவில்லை, படப்பிடிப்பு முடிந்து பேக்கப் ஆன இரவில் பாக்கியைச் சென்னை போய்ப் போடுகிறோம் என்றது. கேட்டபோது ஜிஎஸ்டி பில் அனுப்பச் சொன்னார்கள். வள்ளத்துக்கும், பாறைமேல் நின்ற பெரியம்மாவுக்கும் ஜிஎஸ்டி பில்! அப்புறம் போனை எடுக்கவே இல்லை. கூலி வராதவர்கள் கோடம்பாக்கத்துக்கா போவார்கள்? என் வீட்டு நடையில்தான் வந்து நின்றார்கள். வீட்டு நகையை அடகு வைத்துக் கொடுத்தேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பெயர், நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, கூலி எவ்வளவு, மழையால் நின்றால் எவ்வளவு, தருவது யார் என்று ஒரு பக்கத்தில் எழுதி, முதல் ஷாட்டுக்கு முன்னால் புரொடக்‌ஷன் மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும். அரசு படப்பிடிப்பு அனுமதி கொடுக்கும்போதே இதையும் ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம். அடுத்த முறை உங்கள் தொடரில் தயாரிப்பாளர் ஒருவர் பேசும்போது இதைக் கேட்டு, அவர் சொல்லும் பதிலை அப்படியே அச்சிடுங்கள். எங்கள் பக்கத்திலிருந்து பேச ஒரு வள்ளக்காரரும், கூட்டத்தில் நிற்கும் அக்கா ஒருவரும் சம்மதித்திருக்கிறார்கள்.

என் பெயரை மட்டும் போட வேண்டாம். அடுத்த மாதம் ஒரு யூனிட் வருவதாகப் பேச்சு இருக்கிறது.

வாசகர்,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்