தினை இருக்கட்டும், மாத்திரை எங்கே?

பாளையங்கோட்டை

அன்புள்ள சண்முகம்,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், உன் மகள் போன் செய்யும் வரை. "பெரியப்பா, நீங்க சொன்னாத்தான் அப்பா கேப்பாங்க" என்றாள். நான் சொல்லி நீ எதைக் கேட்டிருக்கிறாய்? இருந்தாலும் உட்கார்ந்துவிட்டேன். போனில் என்றால் இரண்டு வாக்கியத்துக்குள் "ஏலே, நீ எப்பவுமே டாக்டர் கட்சி" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாய். கடிதத்தில் அது நடக்காது.

கோமதிக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாக்கர் பிடித்து வாசல் வரை வருகிறாள். பையன் பெங்களூரில்தான் இருக்கிறான், அதே வேலை, அதே புலம்பல். அடுப்படி என் கைக்கு வந்துவிட்டது. சிரிக்காதே. ஹாஸ்டலில் நான் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு வார்டன் என்ன சொன்னார் என்பது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. இப்போது என் ரசத்தைக் கோமதி மறுபடி கேட்டு வாங்கிக் குடிக்கிறாள். நம்பாவிட்டால் வந்து பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காலையில் நெய் மிதக்கத் தினைப் பொங்கல், பதினோரு மணிக்கு ஒரு செம்பு கம்பங்கூழ், மத்தியானம் சாமைச் சோறு இரண்டு தரம், சாயங்காலம் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி, அதோடு கேழ்வரகு லட்டு. உன் மகள் சொன்ன பட்டியல் இது. இதெல்லாம் போகட்டும். "நம் முன்னோர் உணவுக்கு வந்துவிட்டேன், இனி இது எதற்கு" என்று சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டாயாமே! ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 7.2 இருந்தது 9.4 ஆகிவிட்டதாம். அந்தக் காகிதத்தையும் அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருந்தாயாம். பரீட்சை மார்க்கை ஒளித்து வைத்த அதே சண்முகம்தான்.

நான் சிறுதானியத்துக்கு எதிரி இல்லை. என் அம்மா கோவில்பட்டிப் பக்கம் என்பது உனக்குத் தெரியும். கம்பும் குதிரைவாலியும் அவள் வளர்ந்த சாப்பாடு. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, அரிசியில் அது பத்துக்குப் பக்கத்தில்தான். கம்பில் இரும்புச் சத்து அதிகம். நார்ச்சத்தும் கூடுதல். எல்லாம் உண்மை. ஆனால் தானியம் தானியம்தானே? 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து ஏறக்குறைய 78 கிராம் என்றால், கேழ்வரகில் 70 கிராமுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைக் கூழாகக் காய்ச்சி ஒரு செம்பு குடித்தால் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் இறங்க எவ்வளவு நேரம் ஆகும்? மென்று தின்கிற களியை விடக் கரைத்துக் குடிக்கிற கூழ் வேகமாகவே இறங்கும். அரிசியை ஒரு பங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், சாமை நல்லது என்று இரண்டு பங்கு சாப்பிட்டால் கணக்கு எங்கே போகும் என்பதைக் கணக்குப் பாடத்தில் என்னைவிட அதிகம் வாங்கிய நீதான் சொல்ல வேண்டும்.

அப்புறம் அந்தச் சாமை. கடையில் வெள்ளைவெளேரென்று, சமைத்தால் பூப்போல இருக்கிறது என்று நீயே போன வருஷம் பெருமைப்பட்டாய். அது ஏன் வெள்ளையாக இருக்கிறது? உமியை மட்டும் நீக்கிய சாமை பழுப்பாக இருக்கும், தவிட்டில் உள்ள எண்ணெயால் சீக்கிரம் சிக்கு வாடை வரும், மாதக்கணக்கில் கடையில் அடுக்கி வைக்க முடியாது. அதனால் தவிட்டையும் தீட்டி எடுத்துவிடுகிறார்கள். நீ எதற்காக அதை வாங்குகிறாயோ அதில் பாதி தவிட்டோடு போய்விடுகிறது. அரிசிக்கு இது நூறு வருஷத்துக்கு முன்பே நடந்தது. தீட்டிய அரிசியையே நம்பியிருந்தவர்களுக்கு பெரிபெரி வந்து, கால் மரத்து, இதயம் வீங்கியது. அதை ஆராய 1918இல் குன்னூரில் மெக்கரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர் ஆரம்பித்த சின்ன ஆய்வுக்கூடம்தான் வளர்ந்து இன்றைக்கு ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். நம் ஆட்கள் நெல்லைப் புழுக்கிக் குத்தியதால் தவிட்டுச் சத்தில் கொஞ்சம் அரிசிக்குள்ளேயே இறங்கித் தங்கியது. புழுங்கலரிசியைக் கேவலமாகப் பேசுவாயே, அதற்காக இதைச் சொன்னேன்.

கருப்பட்டியைப் பற்றி ஒரே வரி. உடன்குடிக் கருப்பட்டியே ஆனாலும் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். உன் கணையத்துக்கு உடன்குடியும் தெரியாது, ரேஷன் கடையும் தெரியாது.

நீ எப்போதும் எடுத்து வீசுகிற ஒரு வாதம் உண்டு. "எங்கள் தாத்தா தொண்ணூறு வயது வரை கம்பங்கூழ் குடித்துத் திடமாக இருந்தார்." இருந்தார், நானும் பார்த்திருக்கிறேன். அவரோடு பிறந்தவர்கள் ஏழு பேர் என்று உங்கள் ஆச்சி சொன்னதையும் கேட்டிருக்கிறேன். அந்த ஏழு பேரில் கல்யாண வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர்? அவர்கள் குடித்ததும் அதே கூழ்தானே? ஆச்சி எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் ஒட்டியிருந்ததை வழித்துச் சாப்பிட்டவள். தாத்தா விடிவதற்கு முன்னால் ஏர் பூட்டப் போய்ப் பொழுது சாய்ந்து வந்தவர். நீ சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து யூடியூப்பில் முன்னோர் வாழ்க்கையைப் பார்க்கிறாய். கரிசல் காட்டில் நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கிடைத்தது. கம்பை விட்டு அரிசிக்கு வந்தபோது அவர்கள் சந்தோஷமாகத்தான் வந்தார்கள். யாரும் அவர்களை ஏமாற்றிக் கூட்டி வரவில்லை.

இதில் எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வருவது எங்கே தெரியுமா? 2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்ததிலிருந்து ஊரில் எங்கே பார்த்தாலும் பாரம்பரிய உணவுத் திருவிழா. கோமதி நடமாடிக்கொண்டிருந்தபோது ஒன்றுக்குப் போயிருந்தோம். வரகு முறுக்கு, தினை அதிரசம், குதிரைவாலிப் பாயசம், கம்பு லட்டு. பொரியல் ஒன்று கிடையாது, கீரை கிடையாது, ஒரு கூட்டு கிடையாது. நம் வீடுகளில் முறுக்கும் அதிரசமும் விசேஷத்துக்குச் செய்தவை. மறுவீட்டுச் சொதியை யாராவது செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட்டிருக்கிறோமா? விசேஷச் சாப்பாட்டை எடுத்துத் தினசரிச் சாப்பாடாக்கிவிட்டு அதற்குப் பாரம்பரியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தினசரி நாம் சாப்பிட்டது வேறு. புடலங்காய்க் கூட்டு, அவரைக்காய்ப் பொரியல், முருங்கைக்கீரை, தட்டப்பயறுக் குழம்பு, மோர். அதை விற்க யாருக்கும் தோன்றவில்லை, பாக்கெட்டில் போட முடியாதல்லவா.

நான் அடுப்படிக்கு வந்தபிறகு செய்ததைச் சொல்கிறேன். கோமதிக்குப் பிரஷர் இருக்கிறது, எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. அந்த ஹைதராபாத் ஊட்டச்சத்து நிறுவனத்துக்காரர்கள் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலைப் பையன் எடுத்துக் கொடுத்தான். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் காய்கறியும் கீரையுமாக 400 கிராம், பருப்பு வகை 85 கிராம், எண்ணெய் 27 கிராம் என்று போட்டிருக்கிறது. எண்ணெயைக் கணக்குப் போட்டேன். இரண்டு பேருக்கு மாதம் ஒன்றே முக்கால் லிட்டருக்கு மேல் ஆகக் கூடாது. நாங்கள் வாங்கிக்கொண்டிருந்தது நாலு லிட்டர்! செக்கில் ஆட்டியது என்பதால் மனசு தாராளமாக ஊற்றியிருக்கிறது. செக்கெண்ணெய் வாசனையாக இருக்கும், ஆனால் எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரிதான். இப்போது மாத ஆரம்பத்தில் அளந்து ஒரு தூக்குவாளியில் ஊற்றி வைத்துவிடுகிறேன். அதிலிருந்துதான் எல்லாம். முதல் மாதம் இருபதாம் தேதியே வாளி காலி. கோமதி சிரித்துக்கொண்டே அப்பளம் கேட்டாள். சுட்டுக் கொடுத்தேன். அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய் மூன்றும் ஒரே நாளில் தட்டில் வரக் கூடாது என்பதும் சட்டம். நாள் முழுக்க ஒரு டீஸ்பூன் உப்புதான், அதாவது ஐந்து கிராம், அது இந்த மூன்றிலேயே பாதி போய்விடும்.

அரிசியை விடவில்லை. அளவைக் குறைத்தேன். முன்பு சோறு குவிந்திருக்கும், பொரியல் தட்டின் ஓரத்தில் பயந்து உட்கார்ந்திருக்கும். இப்போது ஒரு கரண்டிச் சோற்றுக்கு இரண்டு கரண்டிக் காய். காயை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வருவது. கேட்க எளிதாக இருக்கிறது, செய்கிறவனுக்குத்தான் தெரியும் காய் நறுக்குவது எவ்வளவு வேலை என்று. கொத்தவரங்காய் நறுக்கி முடிப்பதற்குள் ஒரு கச்சேரி முடிந்துவிடுகிறது. நம் அம்மாமார்கள் இதை முகம் சுளிக்காமல் செய்தார்கள் என்று எழுதத் தோன்றியது, ஆனால் அவர்கள் முகத்தை நாம் எப்போது பார்த்தோம்?

நீ கட்டாயம் செய்து பார்க்க வேண்டியது உளுந்தஞ்சோறு. ஊரில் வழக்கமாக இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு தொலி உளுந்து, அதாவது தோல் நீக்காத கறுப்பு உளுந்து, போடுவார்கள். நான் சரிக்குச் சரி போடுகிறேன். தொலி உளுந்தை வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுத்து, அரிசி, நிறையப் பூண்டு, வெந்தயம், சீரகம், ஒரு கைப்பிடித் தேங்காய்த் துருவல் சேர்த்து, தண்ணீரைக் கொஞ்சம் கூடவே விட்டுக் குக்கரில் வைத்துவிட வேண்டியதுதான். தொலியை நீக்கிவிடாதே, விஷயமே அதில்தான். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். பருப்பு பாதியாக இருப்பதால் ஒரு தட்டோடு போதும் என்று வயிறே சொல்லிவிடும். மாலை வரை பசிக்காது, உன் பதினோரு மணிக் கூழுக்கும் வேலை இருக்காது. சரிக்குச் சரி போட்டால் கொஞ்சம் களியாக இருக்கும், கோமதி முதலில் குறை சொன்னாள், இப்போது பழகிவிட்டது.

இனி சொல்லப் போவதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே.

போன வாரம், நம் ஹாஸ்டலில் மெஸ் செயலாளராக இருந்தானே, அவனைப் பார்க்கப் போனேன். உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன், வலது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். புதுச் செருப்பின் வார் உரசிப் புண்ணாகியிருக்கிறது, அவனுக்கு வலிக்கவில்லை. அதுதான் பிரச்சினையே. சர்க்கரை நரம்பைத் தின்ற பிறகு வலி சொல்லிக்கொடுக்காது. அவனும் நடுவில் மாத்திரையை விட்டவன்தான். வேறு ஏதோ கஷாயம். அந்த மாதங்களில் உடம்பு நன்றாக இருந்ததாம், களைப்பில்லையாம், அதனால் சரியாகிவிட்டது என்று நினைத்தானாம். நீயும் உன் மகளிடம் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறாய். 9.4 இருக்கிறபோதும் உடம்பு நன்றாகத்தான் இருக்கும், சண்முகம். கண்ணும் கிட்னியும் புகார் கொடுக்கிற நாளில் காலம் கடந்திருக்கும். 2023இல் வந்த ஆய்வில் இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று கண்டிருக்கிறார்கள். கூட்டத்தில் ஒருவனாக இருப்பதில் வெட்கமில்லை, மாத்திரையை ஒளிப்பதில்தான் இருக்கிறது.

சாப்பாட்டை மாற்றி, நடந்து, எடை குறைத்து, டாக்டர் பார்த்து மாத்திரையைக் குறைப்பது உண்டு. அப்படி நடந்தால் நானே உனக்குத் திருநெல்வேலி அல்வா, சரி, அல்வா வேண்டாம், ஒரு வேட்டி எடுத்துத் தருகிறேன். ஆனால் குறைப்பது அவர் வேலை. நீ பாட்டுக்கு நிறுத்துவதற்குப் பெயர் பாரம்பரியம் இல்லை. திங்கட்கிழமை டாக்டரிடம் போ. எத்தனை நாளாக நிறுத்தியிருக்கிறாய் என்பதை மறைக்காமல் சொல். திட்டுவார், திட்டட்டும். மறுபடி எப்படித் தொடங்குவது என்றும் அவரிடமே கேள், பழைய சீட்டைப் பார்த்து நீயாக ஆரம்பிக்காதே. கிட்னி பரிசோதனையும் கண் பரிசோதனையும் எழுதித் தரச் சொல்.

மதினியிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டாம், அவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு பயந்திருக்கிறார்கள். கார்த்திகைக்கு இரண்டு பேரும் இங்கே வாருங்கள். மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது, கோமதிக்கும் பேச்சுத் துணை வேண்டும். காலையில் வாய்க்கால் கரை வழியாக நடந்துவிட்டு வந்தால் உளுந்தஞ்சோறு தயாராக இருக்கும். டப்பா டப்பாவாகத் தினை லட்டு தூக்கி வராதே. காய் நறுக்கத் தெரிந்த ஒரு கை கொண்டு வந்தால் போதும்.

உன்,
ராமு