மேற்கின் பலம், கிழக்கின் வேகம்

அன்புள்ள மச்சான்,

வீட்டில் எல்லோரும் சுகம்தானே? இங்கே டொரொண்டோவில் குளிர் தொடங்கிவிட்டது. சின்னவளை ஸ்கேட்டிங் வகுப்பில் சேர்த்திருக்கிறோம். வீட்டுக்குள்ளும் சறுக்கிக்கொண்டேதான் நடக்கிறாள்.

“ஐஸ் ஹாக்கியில் மேற்குப் பிரிவு என்றால் பலம், கிழக்கு என்றால் வேகம்” என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். உன் லாஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸ் 2012இலும் 2014இலும் என்.எச்.எல். (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்ற காலத்துக்கு அது பொருந்தும்; அவர்கள் மேற்கு. எதிரணியைச் சுவரோரம் நெருக்கி நெருக்கியே களைக்க வைத்தார்கள். 2016இலும் 2017இலும் கிழக்கின் பிட்ஸ்பர்க் வேகத்தாலேயே ஜெயித்தது. அதுவரை சரி.

ஆனால் 2024, 2025 இறுதிப் போட்டிகளை நினைத்துப் பார். மின்னல் வேக வீரர் மெக்டேவிட்டை வைத்துக்கொண்டு பறந்த எட்மண்டன் மேற்கு. முட்டி மோதி ஆடிய ஃப்ளோரிடா கிழக்கு. இரண்டு தடவையும் கோப்பை ஃப்ளோரிடாவுக்குத்தான்.

ஃப்ளோரிடாவின் ஆட்டத்தைக் கவனித்திருக்கிறாயா? பக்கை, அதாவது பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டை, எதிரணியின் மூலைக்கு அடித்துவிடுவார்கள். அதை எடுக்கப் போகிற தடுப்பாட்டக்காரருக்கு முகம் சுவர்ப்பக்கம், முதுகு ஆடுகளத்துக்கு. அவர் திரும்புவதற்குள் ஒருவர் வந்து இடிப்பார், அடுத்தவர் பக்கைக் கிளப்புவார். பதறிப்போய்ச் சுவரோரமாக வெளியே தள்ளினால், அங்கே இன்னொருவர் தயாராக நிற்பார். 2025 மே மாதம் எங்கள் டொரொண்டோ அணி மேப்பிள் லீஃப்ஸ் தொடரில் 2-0 என முன்னிலையில் இருந்தும், ஏழாவது ஆட்டத்தில் சொந்த அரங்கிலேயே 6-1 என்று தோற்றது இவர்களிடம்தான். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான்: பாணியைத் தீர்மானிப்பது திசை இல்லை, பக்கத்து அணி. கோப்பைக்கான பிளேஆஃப் நாக்அவுட் தொடர்களின் முதல் இரண்டு சுற்றிலும் பெரும்பாலும் அக்கம்பக்கத்து அணிகளோடுதான் மோத வேண்டும். யாரிடம் அடி வாங்கினார்களோ, அவரைச் சமாளிக்கத்தான் அடுத்து ஆள் எடுப்பார்கள். கிழக்கின் டாம்பா 2019இல் 62 ஆட்டங்கள் ஜெயித்துவிட்டு, பிளேஆஃப் முதல் சுற்றில் கொலம்பஸ் அணியிடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்றுச் சுருண்டது. அடுத்த பிப்ரவரியில் கோல்மன், குட்ரோ என்று உழைப்பாளிகள் இருவரைக் கொண்டுவந்தார்கள். 2020, 2021 இரண்டு கோப்பையும் அவர்களுக்கே.

உன் கிங்ஸையும் எடுத்துக்கொள். 2022 முதல் 2025 வரை நான்கு வருடமும் முதல் சுற்றில் எட்மண்டனிடமே போனார்கள். 2024இல் முன்னால் ஒருவர், நடுவில் மூவர், பின்னால் ஒருவர் என்று வழியை அடைத்துப் பார்த்தும் வேகம் உள்ளே புகுந்துவிட்டது.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். மேற்கு அணிகளுக்குப் பயணம் கொடுமை. நியூயார்க்கைச் சுற்றியே மூன்று கிழக்கு அணிகள் இருக்கின்றன. உங்களவர்களுக்கோ விமானத்திலேயே பாதிப் பொழுது போய்விடுகிறது. சளைத்த காலோடு ஓடி ஆட முடியாதுதான்.

அப்புறம், கிங்ஸ் இங்கே ஆட வரும்போது நீயும் கிளம்பி வா. டிக்கெட் என் பொறுப்பு. தேதியை மட்டும் சீக்கிரம் சொல்லு, லீவு போட வேண்டும்.

அன்புடன்,
குமரன்