மலைக்கு விமான சேவை: முதலில் மேகத்தைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீலகிரிக்கு ஹெலிகாப்டர் சேவை என்ற பேச்சு எழும்போதெல்லாம், "சின்ன வண்டி, அதுவும் அரசு கம்பெனி, யார் ஏறுவார்?" என்ற குரலும் சேர்ந்தே எழுகிறது. அரசின் சிறு விமான நிறுவனங்களின் விபத்துகளை எடுத்துப் பார்த்தால், பயப்பட வேண்டிய இடம் வேறு என்று தெரியும்.

ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சேர்ந்து 1981 ஜனவரியில் வாயுதூத் என்ற சிறு விமான நிறுவனத்தைத் தொடங்கின. வடகிழக்கு மாநிலங்களின் சிற்றூர்களை இணைப்பதே முதல் நோக்கம். 1988 அக்டோபர் 19 அன்று சில்சாரிலிருந்து கவுகாத்திக்கு வந்த அதன் ஃபோக்கர் எஃப்-27, மோசமான வானிலையில் தரையிறங்க வரும்போது மோதி நொறுங்கியது. இருந்த 34 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அதே நாளில் அகமதாபாத்திலும் பெரிய விபத்து நடந்ததால், இது செய்தியில்கூட அமுங்கிப் போனது. 1993-ல் வாயுதூத் இந்தியன் ஏர்லைன்ஸோடு இணைக்கப்பட்டது.

அடுத்து 1996-ல் இந்தியன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனமாக வந்தது அலையன்ஸ் ஏர். அதன் மிகக் கொடிய விபத்து, 2000 ஜூலை 17 அன்று பாட்னாவில். இறந்தவர்கள் 60 பேர்; அவர்களில் 5 பேர் தரையில் இருந்தவர்கள். விழுந்தது விசிறி விமானமல்ல, போயிங் 737 ஜெட். இறங்கும் பாதையில் உயரம் அதிகமாக இருந்தது. எஞ்சின் விசையைக் குறைத்தே வைத்திருந்ததில் வேகம் அளவுக்கு மீறிச் சரிந்தது. மூக்கை உயர்த்தியபடியே இருபக்கமும் வேகமாகச் சாய்த்துத் திருப்பினார்கள். இந்த வேகத்தில் இறக்கை விமானத்தைத் தூக்கிப் பிடிக்காது என்று எச்சரிக்க, விமானியின் கைப்பிடி நடுங்கும். அந்த நொடியில் மூக்கை இறக்கி, எஞ்சினை முழு விசைக்குக் கொண்டுபோய், முதலில் வேகத்தை மீட்க வேண்டும். அவர்களோ இறங்குவதைக் கைவிட்டு மேலேறும் முறையைக் கையாண்டார்கள் என்பது விசாரணையின் முடிவு.

2022 பிப்ரவரியில் மும்பையிலிருந்து புஜ் கிளம்பிய அலையன்ஸ் ஏரின் ஏடிஆர் ரக விசிறி விமானத்தின் எஞ்சின் மூடி ஓடுபாதையிலேயே கழன்று விழுந்தது. பயணிகள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள். பராமரிப்பு முடிந்ததும் மூடியின் கொக்கிகளைப் பொறியாளர் பூட்டிப் பார்க்க வேண்டும். கிளம்பும் முன் விமானி சுற்றி நடந்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். இரண்டு கண்களுக்கும் தப்பிய மூடிதான் பறக்கும். அடுத்த மாதமே ஜபல்பூரில் அந்த நிறுவனத்தின் இன்னொரு விமானம் ஓடுபாதையைத் தாண்டி ஓடியது. இவற்றை யாரும் சின்ன விஷயமாக ஒதுக்கக் கூடாது.

இனி நம் மலைக்கு வருவோம். 2021 டிசம்பர் 8 அன்று கோவை அருகே சூலூரிலிருந்து குன்னூரை அடுத்த வெலிங்டனுக்கு வந்த விமானப்படை ஹெலிகாப்டர், குன்னூர் நஞ்சப்பசத்திரம் அருகே விழுந்தது. அதில் இருந்த 14 பேரும் இறந்தார்கள். பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாற, மேகத்துக்குள் நுழைந்து திசை உணர்வு தப்பியதே காரணம், இயந்திரக் கோளாறு அல்ல என்றது முப்படை விசாரணை. தென்மேற்குப் பருவத்தில் கூடலூர்ப் பக்கம், வடகிழக்குப் பருவத்தில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மேகம் ஏறும். ஊட்டியில் வெயில் அடிக்கும்போதே குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறுக்கு மேலே பத்தடி தெரியாது. அதனால் சூலூரில் வானம் தெளிவு, ஊட்டியில் வானம் தெளிவு என்ற இரண்டு தகவல்களை வைத்துக்கொண்டு நடுவில் பறக்க முடியாது.

உயரமும் ஒரு சிக்கல். ஊட்டி சுமார் 2,240 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளியில் தூக்கும் எடையை அதே ஹெலிகாப்டர் அங்கே தூக்காது. இருக்கை எண்ணிக்கையைப் பார்த்து டிக்கெட் விற்கக் கூடாது.

ஆகவே சேவையை அறிவிக்கும் முன் பர்லியாறு, குன்னூர், கோத்தகிரி, ஊட்டி நான்கிலும் தானியங்கி வானிலைக் கருவியும் கேமராவும் வைக்க வேண்டும். மேகத்தின் அடிமட்டம் எவ்வளவுக்குக் கீழே வந்தால் பறக்கக் கூடாது என்பதை எழுத்தில் வெளியிட வேண்டும். பாதி வழியில் திரும்பி வந்த விமானியை எந்த அதிகாரியும் கேள்வி கேட்கக் கூடாது. ரத்தான நாளில் பயணிக்கு முழுப் பணமும் கோவையிலிருந்து காரும் தர வேண்டும்; காசு போய்விடும் என்ற நெருக்கடி இல்லையென்றால்தான் "இன்று வேண்டாம்" என்று சொல்லத் துணிவு வரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குன்னூர்