சிப்பி அல்ல, பிராக்கியோபாடு

ஆசிரியர் அவர்களுக்கு,

மாணவர் பக்கத்தில் வந்த 'இறக்கை விரித்த கல்' படம் அருமை. ஆனால் அதன் கீழே 'சிப்பிப் புதைபடிவம்' என்று போட்டிருப்பது தவறு. அது மியூக்ரோஸ்பிரிஃபர் மியூக்ரோனேட்டஸ் என்னும் பிராக்கியோபாடு, அதாவது இரண்டு ஓடுள்ள ஒரு கடலுயிரி. நியூயார்க், ஒஹாயோ, கனடாவின் ஒன்டாரியோ ஆகிய இடங்களின் நடு டெவோனியன் பாறைகளில் கிடைப்பது. வயது சுமார் 38 கோடி ஆண்டுக்கு மேல். சிப்பி மெல்லுடலி இனம். பிராக்கியோபாடு தனித் தொகுதி. இரண்டுக்கும் ஓடு இரண்டு என்பதை வைத்து ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

சிப்பிக்கு இடப்புறம் ஓர் ஓடு, வலப்புறம் ஓர் ஓடு. பிராக்கியோபாடுக்கு வயிற்றுப்புறம் ஒன்று, முதுகுப்புறம் ஒன்று. கல்லைக் கையில் எடுத்து, ஓட்டின் மூக்கிலிருந்து (கீலருகே உள்ள கூர்ந்த நுனி) முன்விளிம்பு வரை நடுவே ஒரு கோட்டை மனத்தில் இழுத்துப் பாருங்கள். இரு பாதியும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒத்திருந்து, மேலோடும் கீழோடும் அளவில் வேறுபட்டிருந்தால் அது பிராக்கியோபாடு. சிப்பியில் பெரும்பாலும் இதற்கு நேர் எதிர்: ஒவ்வோர் ஓடும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், இரு ஓடுகளும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். பாறையில் ஒட்டி வாழ்ந்த சிப்பிகளில் இந்த விதி குழம்பும். அங்கே ஓடுகள் இரண்டும் ஒவ்வாமல் போவதோடு, தனி ஓடும் கோணலாகவே இருக்கும்.

ஓடு மூடியே கிடைப்பதும் ஒரு துப்பு. சிப்பியின் கீலில் மீள்தன்மையுள்ள நார் இருக்கிறது. உயிர் போனதும் அது ஓட்டைத் திறந்துவிடும். பிராக்கியோபாடுக்குத் திறக்கவும் மூடவும் தசைகளே. இறந்தபின் திறக்க ஆளில்லை. அதனால்தான் இரு ஓடும் சேர்ந்த முழுப் படிவங்கள் இவ்வளவு கிடைக்கின்றன.

படத்திலிருக்கும் இனத்தில் பெரிய ஓடு காம்பு ஓடு, அதாவது வயிற்றுப்புற ஓடு. அதன் நடுவே ஒரு பள்ளம் ஓடும். எதிரே முதுகுப்புறம் உள்ள கை ஓட்டில் அதே இடத்தில் மேடு. கீல்கோடு நேராக நீண்டு, இரு முனையும் ஊசிபோல் கூராகும். 'மியூக்ரோ' என்ற லத்தீன் சொல்லுக்குக் கூர்முனை என்று பொருள். பெயரே அங்கிருந்து வந்தது. ஆனால் முதலில் முறிவதும் அந்த முனைதான். முனை போன படிவத்தை வேறு இனம் என்று எழுதி வைப்பது அடிக்கடி நடக்கிற பிழை. உருப்பெருக்கியில் வளர்ச்சிக்கோடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு கீல்கோடு வரை தொடர்ந்தால், இளம் வயதில் இறக்கை எவ்வளவு நீண்டிருந்தது என்று தெரிந்துவிடும்.

1841இல் தொல்லுயிரியலாளர் கான்ராட் இதற்கு வைத்த பெயர் டெல்தைரிஸ் மியூக்ரோனேட்டா. பிறகு ஸ்பிரிஃபர் பேரினத்தில் வைத்திருந்தார்கள். 1931இல் இன்னொரு தொல்லுயிரியலாளர் கிராபவ் மியூக்ரோஸ்பிரிஃபர் என்று பிரித்தார். பேரினம் மாறியதால் இன்று 'மியூக்ரோஸ்பிரிஃபர் மியூக்ரோனேட்டஸ் (கான்ராட், 1841)' என்று எழுதுகிறோம்; பெயரைச் சுற்றிய அடைப்புக்குறி அலங்காரம் அல்ல, பேரினம் மாறிவிட்டது என்பதற்கான அடையாளம். அச்சில் அதை நீக்கிவிடாதீர்கள்.

ஸ்பிரிஃபர் என்றால் சுருள் தாங்கி. உணவு வடிகட்டும் உறுப்பைத் தாங்க, ஓட்டுக்குள் இரண்டு சுண்ணச் சுருள்கள் பக்கவாட்டில் இறக்கைகளை நோக்கிப் படுத்திருக்கும். வெளித்தோற்றம் ஏமாற்றும், எந்த வரிசையைச் (உயிரினப் பிரிவை) சேர்ந்தது என்று நிச்சயம் செய்வது உள்ளமைப்புதான். அதைப் பார்க்க வேண்டுமானால் படிவத்தைத் தேய்த்தே ஆக வேண்டும். தேய்த்தது திரும்பாது, எனவே முதலில் நீளம், அகலம், தடிமன் அளந்து, படமெடுத்து, பிளாஸ்டர் அச்சும் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு மூக்குப் பக்கத்திலிருந்து, ஓடுகள் சேரும் தளத்துக்குச் செங்குத்தாக, ஒவ்வொரு முறையும் 0.1 முதல் 0.2 மி.மீ. வரை மட்டும் தேய்க்கலாம். தளம் சாய்ந்தால் கீலில் ஓடுகளைப் பிணைக்கும் பற்களில் ஒரு பக்கப் பல் முன்னதாகவும் மறுபக்கப் பல் தாமதமாகவும் தெரியும். அதைப் பார்த்து இல்லாத அமைப்பை வரைந்துவிடுவார்கள். தேய்த்த முகத்தை 600 எண் தேய்ப்புத் தூளில் மெருகேற்றி, 5 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில விநாடி வைத்துக் கழுவி, விரல் படாமல் உலர்த்தி, அசிட்டோன் ஊற்றி அசிட்டேட் தாளை ஒரு ஓரத்திலிருந்து மெல்லப் படிய விடவேண்டும். முகத்தின் அச்சு தாளில் பதியும்; காய்ந்தபின் உரித்தெடுக்கலாம். அவசரப்பட்டு உரித்தால் தாள் சுருங்கும். அசிட்டோன் குறைந்தால் குமிழி தங்கும். ஒவ்வொரு தாளிலும் மூக்கிலிருந்து எத்தனை மி.மீ. என்று அப்போதே எழுத வேண்டும்.

அழுக்குப் போக வினிகரில் ஊறவைக்கும் ஆலோசனையை மட்டும் தயவுசெய்து அச்சிடாதீர்கள். இந்த ஓடு கால்சைட் என்னும் சுண்ணக் கனிமம், அமிலத்தில் கரையும். தண்ணீரும் பழைய பல்துலக்கியும் போதும்.

அரியலூர் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. ஸ்பிரிஃபர் வம்சத்தின் கடைசிக் கிளையும் ஜுராசிக் முற்பகுதியோடு முடிந்தது. அரியலூர்ப் பாறைகள் அதற்கும் பிந்திய கிரெட்டேசியஸ் காலத்தவை. அங்கே இறக்கை விரித்த ஸ்பிரிஃபரைத் தேட வேண்டாம். அங்குள்ள பிராக்கியோபாடுகளை 1872இலேயே தொல்லுயிரியலாளர் ஸ்டோலிச்கா விவரித்திருக்கிறார். வழவழப்பாக, மூக்கில் வட்டத் துளையோடு, உருப்பெருக்கியில் ஓட்டெங்கும் நுண்புள்ளிகள் தெரிந்தால் டெரிப்ராட்டுலா வகை. முக்கோண வடிவம், தடித்த வரிகள், ரம்பம்போல் வளைந்த முன்விளிம்பு, நுண்புள்ளி இல்லாத ஓடு என்றால் ரின்கோனெல்லா வகை. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் குவிந்து கிடக்கும் கிரைஃபியா உண்மையான சிப்பி. அதன் படத்துக்குக் கீழே 'சிப்பி' என்றே போடலாம்.

இப்படிக்கு,
தொல்லுயிரியல் பயிற்றுநர்,
திருச்சி.