அம்மணிக்கு, கார் விஷயமாக

அன்புள்ள அம்மணிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் "சரிங்கப்பா" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் கேட்டால் "கார் வேண்டாம்ப்பா, பஸ்ஸே போதும்" என்று ஒரு வரி வருகிறது. அதனால்தான் உட்கார்ந்து நீளமாக எழுதுகிறேன், முழுசும் படி.

செவலை போன செவ்வாய்க்கிழமை கன்று போட்டது, கிடேரி. நஞ்சுக்கொடி மூணு மணி நேரத்தில் விழுந்துவிட்டது, நீ சொல்லியிருந்தபடி மணி பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான். மற்றதெல்லாம் அப்புறம்.

மோதி அடிபட்ட நம் வேகன் ஆர் விஷயமாக இன்சூரன்ஸ்காரர்கள் முடிவு சொல்லிவிட்டார்கள். வண்டிக்குப் போட்டிருந்த மதிப்பு 1,40,000, சரிபண்ண வந்த எஸ்டிமேட் 1,85,000. மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் செலவு போனாலே 'டோட்டல் லாஸ்', அதாவது முழு நஷ்டம் என்று எழுதிவிடுவார்களாம். பிடித்தம் போக மிச்சப் பணம் வரும். வேகன் ஆர் இனி நம் வாசலுக்கு வராது.

படிக்கிற பிள்ளைக்குப் புது வண்டி எதற்கு, செகண்ட் ஹேண்டில் ஒன்று பார் என்று பெரியப்பா சொன்னார். சரி என்று கோயம்புத்தூருக்கு மூணு தடவை போய் வந்தேன். முதல் இடத்தில் ஒரு வெள்ளைக் கார், மெட்ராஸ் நம்பர், கண்ணாடி மாதிரி மின்னியது, விலையும் ஒரு லட்சம் குறைவு. எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. கூட வந்த மெக்கானிக் ஒன்றுமே பேசாமல் பின்சீட்டு பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரைக்கும் இழுத்தார். நாம் தினமும் இழுக்கிற நீளம் வரை சுத்தமாக இருந்தது. அதற்கு மேல் வந்த ஒரு முழத்தில் காய்ந்த சேற்றுக்கோடு, காப்பிக்கறை மாதிரி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் முங்கின வண்டியாக இருக்கும் என்றார். விற்கிறவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொரு இடத்தில் மீட்டர் 22,000 கிலோமீட்டர் காட்டியது, ஆனால் பிரேக் பெடல் ரப்பர் வழவழ என்று தேய்ந்து கிடந்தது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் நம்பரைச் சொல்லி விசாரித்தால் இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே 61,000 ஓடியிருக்கிறது. நீ எப்போதாவது தனியாக வண்டி வாங்கப் போனால் இந்த இரண்டையும் மறக்காதே. பெல்ட்டை முழுசாக இழுத்துப் பார், சர்வீஸ் கணக்கைக் கேள்.

கடைசியாக ஒன்று அமைந்திருக்கிறது. பெருந்துறையில் ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் வைத்திருக்கும் டாடா டியாகோ, 2021 மாடல், ஒரே ஓனர், 34,000 கிலோமீட்டர், சர்வீஸ் பில் எல்லாம் ஃபைலில் தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறார். கடன் இல்லை, அபராதம் எதுவும் பாக்கியில்லை, நம்பர் போட்டுப் பார்த்துவிட்டேன். 4,30,000 சொல்கிறார். 2019 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த கார் என்றால் ஏபிஎஸ் கட்டாயம் இருக்கும், சடாரென்று பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது, நம் பழைய வண்டியில் அது கிடையாது. ஏர்பேக் இரண்டு. 2020-இல் குளோபல் என்கேப் என்கிற பாதுகாப்புச் சோதனை அமைப்பு மோதிப் பார்த்து அஞ்சுக்கு நாலு ஸ்டார் கொடுத்த வண்டி.

புதுசு என்றால் அதே வண்டி ரோட்டுக்கு வரும்போது ஆறரை லட்சம் கிட்டப் போகிறது. 2025 செப்டம்பர் 22-இல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆக்கியதால் குறைந்த பிறகும் இந்த விலை, ரோடு டாக்ஸ், மூணு வருஷ தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து. ஆனாலும் வாரண்டி இருக்கிறது, இதற்கு முன்னால் யார் கையில் எப்படி இருந்தது என்ற சந்தேகம் இல்லை. மஞ்சளை விற்றால் பாதிப் பணம் கட்டிவிடலாம், மிச்சத்துக்கு லோன்.

உனக்குக் கார் வேண்டாமா? அடுத்து இன்டர்ன்ஷிப்பில் ஊர் ஊராகப் போகவேண்டும் என்று சொன்னவளே நீதான். ராத்திரி ரெண்டு மணிக்கு மாடு கன்று போட முடியாமல் நிற்கிறது என்று கூப்பிட்டால் எந்த பஸ்ஸில் போவாய்? தீபாவளிக்கு வந்தவள் மறுநாள் விடிவதற்குள் கிளம்பிவிட்டாய், அதற்கப்புறம் இரண்டு மாசமாக எட்டிப் பார்க்கவில்லை. அம்மா ஒவ்வொரு சனிக்கிழமையும் உனக்கும் சேர்த்து உலை வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பழையது சாப்பிடுகிறாள். இதையெல்லாம் உன்னிடம் சொல்லக் கூடாது என்று எனக்குக் கட்டளை.

நீ நல்லா ஓட்டுகிறவள். அம்மாவுக்கு மூச்சு முட்டின அந்த ராத்திரி கோபியிலிருந்து ஈரோடு ஆஸ்பத்திரிக்கு நீதான் ஓட்டினாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து, நடுங்குகிற கையை முழங்காலுக்கு அடியில் வைத்து மறைத்துக்கொண்டு வந்தேன். ஒரு குழியில்கூட வண்டியை விடவில்லை நீ. அதைப் பற்றி இத்தனை நாள் உன்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை, மேலக்காட்டு மாமாவிடம் மட்டும் நூறு தடவை சொல்லியிருக்கிறேன்.

மழையில் மெதுவாகப் போ, போனைத் தொடாதே, பெல்ட் போடு என்று எழுத வந்தேன். எழுதிவிட்டேன். ஆனால் அதை எழுத வேண்டியவன் நான் இல்லை.

அன்றைக்குத் திருச்செங்கோடு தாண்டி அந்தப் புளியமரத்துக்கிட்ட நான் வந்து இறங்கியபோது நீ யாரோ கொடுத்த துண்டைப் போர்த்திக்கொண்டு மழையில் நின்றிருந்தாய். உனக்கு அடிபட்டிருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னாடி, அத்தனை பேர் நடுவில், "எத்தனை தடவை சொல்லியிருக்கேன் மெதுவா ஓட்டுன்னு, உனக்கெல்லாம் எதுக்கு கார்" என்றேன். நீ பதிலே சொல்லவில்லை. முன்னால் போன போர்வெல் ரிக் லாரி திடீரென்று நின்றது என்பதைக்கூட போலீஸ்காரர்தான் எனக்குச் சொன்னார்.

அடுத்த வாரம் ஆர்.சி. புத்தகம் எடுக்க ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டியை ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். முன் டயரில் கையை வைத்தேன். பட்டன், அதாவது மேலே இருக்கிற ரப்பர் மேடு, ஒன்றுமே இல்லை, சிலேட்டுப் பலகை மாதிரி இருந்தது, ஓரமெல்லாம் வெடிப்பு. பக்கவாட்டில் 2816 என்று நாலு எண். 2016-ஆம் வருஷம் 28-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். பட்டன் இல்லாத டயர் தண்ணீரைத் தள்ளாது, தண்ணீர் மேலேயே மிதந்து போகும், பிரேக்கை மிதித்தாலும் பிடிக்காது. நீ எவ்வளவு சரியாக மிதித்திருந்தாலும் அந்த வண்டி நின்றிருக்காது.

இது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது என்றால் பரவாயில்லை. ஆடி மாசம் சர்வீஸ் விட்டபோதே மெக்கானிக் சொன்னார், "நாலையும் மாத்திருங்க, பாப்பா ஓட்டற வண்டி" என்று. பதினாலாயிரம் ஆகும் என்றார். மஞ்சளை விற்றுவிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்றேன். அடுத்த மாசமே அத்தை வீட்டு விசேஷம் வந்தது. தாய்மாமன் சீர் சபையில் குறைந்துவிடக் கூடாது என்று அறுபதாயிரத்துக்கு வைத்தேன். பணம் இல்லாமல் இல்லை. எனக்கு அதுதான் பெரிசாகத் தெரிந்தது.

உன்னிடம் சொல்லியிருக்கலாம். தீபாவளிக்கு நீ வந்தபோது சொல்லத்தான் இருந்தேன், வாய் வரவில்லை. நீ உன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று தெரிந்தே பேசாமல் இருந்துவிட்டேன். அம்மாவிடமும் போன வாரம்தான் சொன்னேன். அவள் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. எத்தனை வேகத்தில் போனாய் என்று இனி உன்னை யாரும் கேட்க மாட்டார்கள், நானும் கேட்க மாட்டேன்.

என் மனசு புது வண்டிக்குத்தான் போகிறது. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "உங்க மனசு ஆறறதுக்குப் புதுசு வாங்காதீங்க, ஏற்கெனவே பயந்து கிடக்கறவ ஒரு கீறல் விழுந்துருமோன்னு இன்னும் பயந்துதான் ஓட்டுவா" என்றாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான்தான் முடிவு பண்ண வேண்டும் என்றால் வாத்தியார் வண்டியை எடுத்து, அதில் இருப்பது 2021 டயர் என்பதால், நம் வாசலுக்கு வருவதற்கு முன்னாலேயே நாலையும் கழற்றிப் புதுசு போடுவேன். மிச்சப் பணத்தை உன் பேரில் போட்டுவைப்பேன். நீ புதுசுதான் வேண்டும் என்றால் புதுசு. ரெண்டும் வேண்டாம் என்றாலும் சரி, அதை நேரில் வந்து சொல்.

வாத்தியார் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை பஸ்ஸிலேயே வா. கோபி பஸ் ஸ்டாண்டில் மேலக்காட்டு மாமா வண்டியோடு நிற்கிறேன். மறுநாள் பெருந்துறைக்குப் போவோம். நீ ஓட்டிப் பார்க்கிறாய் என்றால் நான் பக்கத்தில் உட்காருகிறேன், இல்லையென்றால் நானே ஓட்டுகிறேன். டயர் எண்ணை மட்டும் நீ குனிந்து படித்துச் சொல், எனக்குக் கண்ணாடி போட்டும் சரியாகத் தெரிவதில்லை.

கிடேரிக்கு இன்னும் பேர் வைக்கவில்லை.

அப்பா